எம்.எஸ். உடம்பும் எட்டு மணி நேர வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு எம்.எஸ். என்ற நரம்பு நோய் இருப்பது தெரிந்தது 2012ஆம் ஆண்டு. அப்போது சென்னையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். வலது கண்ணால் பார்த்தால், தணிக்கைக்காரர் சிவப்பு மையில் போட்டிருந்த குறிகள் வெளுத்த செங்கல் நிறத்தில் தெரிந்தன. இடது கண்ணால் பார்த்தால் நல்ல சிவப்பு. அவர் மட்டமான பேனா வாங்கியிருக்கிறார் என்றே இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கண் நரம்பில் அழற்சி என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. பலருக்கும் இந்த நோய் இப்படித்தான் கதவைத் தட்டுகிறது.

அதன்பின் இந்த நோய் உள்ளவர்களும், அவர்கள் வீட்டாரும், ஓரிரு மேலாளர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. மருந்து பற்றிய கேள்விகளை உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். இங்கே பேசப்போவது வேலையைப் பற்றி.

எம்.எஸ். என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பதன் சுருக்கம். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயர் பாதிதான் பொருந்தும். தண்டுவடத்தோடு மூளையும் கண் நரம்பும் சேர்ந்தே அகப்படுகின்றன. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கிறது. உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களே அந்த உறையை அரிக்கின்றன. அரித்த இடத்தில் செய்தி தாமதமாகப் போகும், அல்லது போகவே போகாது. எந்த இடம் அரிக்கிறது என்பதைப் பொறுத்துக் கண், கால், சிறுநீர்ப்பை, நினைவு என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. பாரிஸில் சார்கோ என்ற மருத்துவர் 1868இலேயே இதைத் தனி நோயாக விவரித்துவிட்டார்.

பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் தெரியவருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். அதாவது, வேலை நிரந்தரமாகி, வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிற வயதில் வருகிற நோய். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தொடக்கத்தில் இது வந்து வந்து போகும் வகை. திரும்பத் தாக்குவதை ரிலாப்ஸ் என்கிறார்கள். சில வாரம் படுத்தும், பிறகு முழுமையாகவோ பாதியாகவோ விலகும். இந்த "விலகும்" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ராஜினாமா பற்றிய கேள்வியில் தேவைப்படும்.

பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்?

இது கேள்வியே இல்லை, ஆனால் அதிகம் கேட்கப்படுவது இதுதான். எம்.எஸ். என்றதும் எல்லோரும் சக்கர நாற்காலியை நினைக்கிறார்கள். நான் அறிந்தவரை, ஆளை வேலையிலிருந்து இறக்குவது பெரும்பாலும் சக்கர நாற்காலி அல்ல. வெளியே தெரியாத நான்கு சங்கதிகள்: அசதி, வெயில், கழிப்பறை, மந்தமாகும் மூளை.

அசதி என்ற சொல்லைக் கேட்டதும் "எனக்கும்தான் அசதியாக இருக்கிறது" என்பார்கள். அது வேறு. எனக்கு மதியம் மூன்று மணிக்கு அது வரும். வவுச்சர் கட்டில் அடுத்த தாளைத் திருப்ப வேண்டும். அதற்கு விரலை நாக்கில் தொட்டு ஈரப்படுத்த வேண்டும். கையை வாய்வரை தூக்குவது ஒரு வேலையாகத் தெரியும். முந்தைய இரவு எட்டு மணி நேரம் தூங்கியிருப்பேன். காய்ச்சல் இருக்காது. கையைத் தூக்கிவிடவும் முடியும், ஆனால் ஈரமணல் மூட்டைக்கு அடியிலிருந்து தூக்குவதுபோல் இருக்கும். அரை மணி நேரம் படுத்தால் பாதி குறையும். அலுவலகத்தில் எங்கே படுப்பது?

இதற்கு மாத்திரை கேட்பவர்களுக்கு: அமன்டடின், மோடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் மூன்றையும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. சராசரியாகப் பார்த்தால் வெற்று மாத்திரையைவிட எதுவும் மேலாக இல்லை. அதற்காக நீங்கள் சாப்பிடுவதை மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். இரத்தசோகை, தைராய்டு, இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவது, மனச்சோர்வு ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றைச் சரிசெய்தாலே அசதியில் ஒரு பங்கு குறையும். மீதிக்கு மருந்து, வேலையை நேரம் பார்த்துப் பங்கிடுவதுதான். தலையைப் பிழியும் வேலை காலை பத்தரைக்குள் முடிய வேண்டும். கோப்பு அடுக்குவது, போன் பேசுவது எல்லாம் மதியத்துக்கு.

சென்னை வெயிலில் எப்படி வேலைக்குப் போகிறீர்கள்?

வெயிலோடு எம்.எஸ். உடம்புக்குப் பழைய பகை. 1890இல் உட்ஹோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், இந்த நோயாளிகள் உடலை வருத்தி உழைத்தால் சிறிது நேரம் பார்வை மங்குவதைக் கவனித்து எழுதினார். உறை அரித்த நரம்பு சூட்டில் இன்னும் மோசமாகச் செய்தி கடத்துகிறது. உடம்பின் உட்சூடு அரை டிகிரி ஏறினாலே போதும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வருவதற்கு முன்னால் எம்.எஸ். உண்டா என்று பார்க்க ஆளைச் சுடுநீர்த் தொட்டியில் உட்கார வைத்து, கை கால் தளர்கிறதா, கண் மங்குகிறதா என்று சோதிப்பார்களாம். நமக்கு அந்தச் சோதனையைக் கத்தரி வெயில் இலவசமாகவே செய்துவிடுகிறது.

ஒருமுறை மே மாதத்தில் பஸ் வராமல் நாற்பது நிமிடம் நின்றேன். அலுவலகம் வந்து சேர்ந்தபோது இடது கால் செருப்பைப் பிடிக்கவில்லை; நழுவி நழுவிப் படியில் விழுந்தது. குளிர்சாதன அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தபின் கால் திரும்பி வந்தது. இது ரிலாப்ஸ் அல்ல, சூடு காட்டும் போலி ரிலாப்ஸ். உடம்பு குளிர்ந்தால் போய்விடும், நரம்புக்குப் புதிய சேதம் இல்லை. 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும்கூட இதே வேடிக்கையைக் காட்டும் என்பதால் அவற்றையும் சோதிப்பார்கள்.

ஆகவே குளிர்சாதன வசதிக்குப் பக்கத்தில் இருக்கை கேட்பது உங்களுக்குச் சொகுசு அல்ல. வேலை நேரத்தைக் காலை எட்டிலிருந்து நான்கு என்று மாற்றிக் கேளுங்கள். போகும்போது பத்து மணி வெயில் தப்பும். ஒரு பிளாஸ்கில் ஐஸ் தண்ணீர், கழுத்துக்கு ஒரு ஈரத்துண்டு. மெட்ரோ நிலையங்களில் மின்தூக்கி இருக்கிறது. மின்சார ரயில் மேம்பாலப் படிகளோடு ஒப்பிட்டால் அது பெரிய வரம்.

கழிப்பறை பற்றி வெளிப்படையாகப் பேச முடியுமா?

பேசித்தான் ஆக வேண்டும். சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகள் பாதிக்கப்பட்டால் அவசரம் முன்னறிவிப்பு இல்லாமல் வரும். வந்தால் இரண்டு நிமிட அவகாசம். பெண்கள் பலரும் செய்வது, அலுவலக நாளில் தண்ணீரே குடிக்காமல் இருப்பது. நானும் செய்தேன். விளைவு, சிறுநீர்த் தொற்று; தொற்றினால் காய்ச்சல்; காய்ச்சலால் கால் தளர்ச்சி; மொத்தத்தில் ஒன்பது நாள் விடுப்பு. தண்ணீரைக் குறைக்காதீர்கள். இதற்கு மருந்தும் உண்டு, பயிற்சியும் உண்டு, வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அலுவலகத்தில் காரணத்தை விளக்காமலே கழிப்பறைக்கு அருகே இருக்கை கேட்கலாம். வெளி வேலையில் இருப்பவர்கள் வழியில் எந்தப் பெட்ரோல் பங்கில், எந்த உணவகத்தில் நல்ல கழிப்பறை என்று மனத்தில் ஒரு வரைபடம் வைத்திருப்பார்கள். நகரத்தை அப்படித்தான் நாங்கள் அறிவோம்.

கணக்கு போடும்போது பாதியில் மறந்துவிடுகிறது. புத்தி மழுங்குகிறதா?

இல்லை. எம்.எஸ். உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சிந்தனையில் ஏதோ ஒரு மாற்றம் வருகிறது. பெரும்பாலும் பாதிக்கப்படுவது அறிவல்ல, வேகம். குறியீடுகளுக்கு உரிய எண்களை 90 விநாடிக்குள் எத்தனை சொல்கிறீர்கள் என்று பார்க்கும் ஒரு சோதனை இருக்கிறது. அதில் மதிப்பெண் குறைந்தால் உங்கள் மருத்துவரிடமிருந்து எழுத்தில் ஒரு குறிப்பு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "கவனக்குறைவு" என்று மெமோ வரும்போது அது உதவும்.

ஒரே நேரத்தில் இரண்டு வேலை என்பதுதான் எமன். நான் கூட்டல் போடும்போது யாராவது "அந்த லாரி பில் வந்ததா?" என்று கேட்டால் கூட்டல் முழுவதும் போய்விடும், மறுபடி மேலே இருந்து தொடங்க வேண்டும். அதனால் ஒரு பழைய ரயில் டிக்கெட் அட்டையை வரிசையின் கீழே வைத்து நகர்த்தத் தொடங்கினேன். யார் கூப்பிட்டாலும் அட்டை நின்ற இடத்தில் நிற்கும். வாய்மொழி உத்தரவுகளை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன். கூட்டத்தில் பேசியதை அங்கேயே எழுதிக்கொண்டேன். என்னைவிட வேகமானவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். அந்த ஆண்டுக் கணக்கு முடிப்பில் பிழை குறைவாக இருந்தது என்னுடைய பேரேட்டில்தான் என்பதைச் சற்றுப் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

தையல், ஓவியம், வீணை மாதிரி விரல் வேலை செய்பவர்கள் என்ன செய்வது?

செல்லோ என்பது வில்லால் வாசிக்கும், பெரிய வயலின் போன்ற வாத்தியம். ஆங்கிலேயச் செல்லோ இசைக் கலைஞர் ஜாக்குலின் டு ப்ரேயின் கதையைச் சொல்கிறேன். விரல்களில் உணர்வு குறைந்து, வில்லின் கனம் கைக்குத் தெரியாமல் போனது. 1973 அக்டோபரில் எம்.எஸ். என்று உறுதியானபோது அவருக்கு வயது 28. மேடை முடிந்துபோனது. ஆனால் சக்கர நாற்காலியில் இருந்தபடி மாணவர்களுக்குச் செல்லோ கற்றுக்கொடுத்தார். 1987இல் மறைந்தார். சோகமான கதைதான், இனிப்பு தடவ மாட்டேன். அன்றைக்கு நோயைத் தடுக்கும் மருந்து எதுவும் இல்லை. முதல் இன்டர்ஃபெரான் ஊசிக்கு அனுமதி கிடைத்ததே 1993இல்தான். இன்று தொடக்கத்திலேயே சிகிச்சை எடுப்பவர்களின் நிலை வேறு. இருந்தாலும், தையல் தெரிந்தவர் வெட்டுவதை, அளவெடுப்பதை, தரம் பார்ப்பதைத் தம் கையில் வைத்துக்கொண்டு ஊசி வேலையைப் பகிர்ந்துகொடுக்கலாம். அந்த மாற்றத்தைக் கை முழுவதும் கெடும் முன்பே தொடங்குவது நல்லது.

சிகிச்சைக்கு எவ்வளவு விடுப்பு தேவைப்படும்?

ரிலாப்ஸ் வந்தால் வழக்கமாக மெத்தில்பிரட்னிசலோன் ஸ்டீராய்டை மூன்று முதல் ஐந்து நாள் இரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். அந்த நாட்களில் தூக்கம் வராது, முகம் உப்பும், எதற்கெடுத்தாலும் கோபம் வரும். அந்த வாரத்தில் மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதாதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன். ஊசி முடிந்த மறுநாளே சரியாகிவிடாது; உடம்பு திரும்பச் சில வாரங்கள், சிலருக்கு சில மாதங்கள் ஆகும்.

ரிலாப்ஸைத் தடுக்கத் தொடர்ந்து எடுக்கும் மருந்து எதுவோ அதைப் பொறுத்து நாட்காட்டி மாறும். இன்டர்ஃபெரான் போட்டால் மறுநாள் ஃபுளூ மாதிரி உடம்பு வலிக்கும். அதனால் வாரம் ஒருமுறை ஊசி உள்ளவர்கள் வெள்ளி இரவைத் தேர்ந்தெடுப்பார்கள். ரிடுக்சிமேப் போன்றவை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு நாள் மருத்துவமனை. வேலை பார்ப்பவருக்கு இந்தக் கணக்கும் மருந்தைத் தேர்வு செய்வதில் ஒரு காரணம்தான். மருத்துவரிடம் அதைச் சொல்லலாம்.

அலுவலகத்தில் சொல்லலாமா, மறைக்கலாமா?

எனக்கு இதில் ஒரே பதில் இல்லை. வாகனம் ஓட்டுவது, உயரத்தில் நிற்பது, இயந்திரம் இயக்குவது என்று உயிர் சம்பந்தப்பட்ட வேலையானால் சொல்லியே ஆக வேண்டும். மற்ற வேலைகளில், உங்களுக்கு ஏதாவது மாற்றம் தேவைப்படும்போது சொல்லுங்கள். ஒன்றும் தேவைப்படாதபோது ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டியதில்லை. ஆனால் மருத்துவப் படிவத்தில் "இதற்கு முன் நோய் உண்டா" என்று எழுத்தில் கேட்டால் பொய் எழுதாதீர்கள். பின்னால் அதைக் காட்டியே வெளியே அனுப்பலாம்.

யாரிடம் சொல்வது என்பது இன்னும் முக்கியம். நான் பக்கத்து இருக்கைத் தோழியிடம் சொன்னேன். மறுநாள் காலை தேநீர்ப் பையன் "அக்கா, உங்களுக்கு மூளையில் ஏதோ என்றார்களே?" என்று கேட்டான். மனிதவளப் பிரிவுக்கோ நேர் மேலாளருக்கோ எழுத்தில் சொல்லி, மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றும் அதிலேயே எழுதுங்கள். திருமணம் ஆகாத பெண்கள் மறைப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. அதைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

"எனக்கு உடம்பு சரியில்லை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் இரக்கம் கிடைக்கும், வசதி கிடைக்காது. நோயின் வரலாற்றை மூன்று பக்கம் எழுதினாலும் யாரும் படிப்பதில்லை. தேவையை மட்டும் எழுதுங்கள். நான் மற்றவர்களுக்கு எழுதிக்கொடுக்கும் மாதிரி இது:

"மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளது, மருத்துவரின் கடிதம் இணைத்துள்ளேன். என் பணியைத் தொடர்ந்து செய்ய இயலும். அதற்கு மூன்று மாற்றங்கள் தேவை: என் இருக்கையைத் தரைத்தளத்துக்கு மாற்றுதல், பணி நேரத்தைக் காலை 8 முதல் 4 வரை அமைத்தல், பிற்பகலில் 20 நிமிட ஓய்வு. மூன்று மாதம் கழித்து இது பயனளிக்கிறதா என்று பேசலாம். தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்."

"மூன்று மாதம் கழித்துப் பேசலாம்" என்ற வரியில்தான் பல மேலாளர்கள் இறங்கி வருகிறார்கள். நிரந்தரமாக விட்டுக்கொடுப்பதாக அவர்களுக்குத் தோன்றாது.

சட்டத்தில் எம்.எஸ். இருக்கிறதா?

இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைபாடுகள் ஏழே வகை; எம்.எஸ். அதில் இல்லை. புதிய சட்டத்தின் அட்டவணையில் 21 வகை. நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு என்ற தலைப்பில் எம்.எஸ். பெயர் சொல்லியே இருக்கிறது.

அரசு ஊழியர் என்றால் 20ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவை மனப்பாடம் செய்யுங்கள். பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பார்த்த வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படி ஒரு பணி இல்லையென்றால், கிடைக்கும் வரையிலோ ஓய்வு பெறும் வயது வரையிலோ, எது முந்தியோ அதுவரை, கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி வைத்திருக்க வேண்டும். அரசுப் பள்ளி, மின்வாரியம், அரசு வங்கி என்று எங்கிருந்தாலும் "விருப்ப ஓய்வில் போய்விடுங்கள்" என்று யாராவது அன்பாகச் சொன்னால் இந்தப் பிரிவை அதே அன்போடு காட்டுங்கள்.

வேலைவாய்ப்பில் 4 சதவீத ஒதுக்கீடு பற்றிக் கேட்கிறார்கள். அந்தப் பிரிவில் எம்.எஸ். தனி வகையாகப் பெயர் பெறவில்லை. கை கால் இயக்கக் குறைபாடு, பார்வைக் குறைபாடு போன்ற வகைகளில் சான்றிதழ் அமைந்தால் அந்த வழியில்தான் வர முடியும். இது சட்டத்தின் ஓட்டை என்பது என் கருத்து.

தனியார் நிறுவனத்தில்?

அந்த 20ஆம் பிரிவுக் கவசம் அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியாரில் உங்கள் கையில் இருப்பவை வேறு. சம வாய்ப்புக் கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் வெளியிட வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி, யார் தொடர்பு அலுவலர் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். முதலில் அதன் நகலைக் கேளுங்கள். பல இடங்களில் நீங்கள் கேட்ட பிறகுதான் அதை எழுதவே தொடங்குவார்கள், அதுவும் நன்மையே. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. பாகுபாடு என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் தரலாம்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் என் பாதிப்பு 40 சதவீதம் வரவில்லை. அப்படியானால் ஒன்றும் கிடையாதா?

ஒதுக்கீடு, வரிச் சலுகை, உதவித்தொகை போன்றவற்றுக்கு அந்த எல்லை உண்டு. ஆனால் பணியிடத்தில் நியாயமான வசதி கேட்பதற்கு 40 சதவீதம் கட்டாயம் என்று எண்ணாதீர்கள். விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தேர்வில் தான் சொல்லச் சொல்ல விடை எழுத ஆள் கேட்டவருக்கு 40 சதவீதம் இல்லை என்ற காரணத்தால் மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நியாயமான வசதி என்ற கோட்பாட்டை அந்தத் தீர்ப்பு விரிவாகப் பேசுகிறது.

சான்றிதழ் வாங்கப் போகும்போது நல்ல நாள் பார்த்துப் போகாதீர்கள். நாம் என்ன செய்வோம்? நன்றாக ஓய்வெடுத்து, ஆட்டோவில் குளிர்ச்சியாகப் போய், மருத்துவக் குழுவின் முன் பத்தடி அழகாக நடந்து காட்டுவோம். இருநூறு அடி நடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லுங்கள். கண், சிறுநீர்ப்பை, நினைவு பற்றிய அறிக்கைகளையும் கொண்டுபோங்கள்.

ஜவுளிக்கடையில் நிற்கும் வேலை. உட்கார விடமாட்டார்கள்.

விட வேண்டும். 2021இல் தமிழ்நாடு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ பிரிவைச் சேர்த்தது: எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வைக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். கேரளம் இதற்கு 2018இலேயே சட்டம் செய்துவிட்டது. இதற்கு நோய்ச் சான்று எதுவும் தேவையில்லை, மாற்றுத்திறனாளி என்று சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். எல்லோருக்குமான முக்காலி. எம்.எஸ். உள்ளவர்களுக்கு இதுவரை கிடைத்ததில் மிகப் பயனுள்ள சட்டம் எங்களை நினைத்தே எழுதப்படவில்லை என்பது வேடிக்கை.

ராஜினாமா செய்யச் சொல்கிறார்கள். வீட்டிலும் அதையே சொல்கிறார்கள்.

ரிலாப்ஸ் இருக்கும்போது கையெழுத்துப் போடாதீர்கள். இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

2014இல் எனக்கு இரண்டாவது தாக்குதல். இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. சுவரைப் பிடித்து நடந்தேன். "உடம்பைப் பாரம்மா, வேலை எங்கே போய்விடும்" என்றார் மேலாளர். குரலில் உண்மையான பரிவு இருந்தது. கையில் தட்டச்சு செய்த ராஜினாமாக் கடிதமும் இருந்தது. "மகராசி, ஒரு நாலு மாசம் படுத்து எழுந்திரு" என்று என் மாமியாரும் சொன்னார். போட்டுவிட்டேன். பத்து வாரத்தில் சுவர் இல்லாமல் நடந்தேன். அப்போது என் நாற்காலியில் வேறு ஒருவர் இருந்தார்.

இருக்கும் விடுப்பை முழுவதும் எடுத்துவிடுங்கள், பிறகு ஊதியமில்லா விடுப்புக் கேளுங்கள், அரை நாள் வேலை கேளுங்கள், வேறு பிரிவு கேளுங்கள். எல்லாவற்றுக்கும் எழுத்தில் மறுப்பு வந்த பிறகு யோசியுங்கள். வேலையை விடுவதே சரி என்ற நிலையும் வரும், அதில் அவமானம் இல்லை. ஆனால் அந்த முடிவை உடம்பு கொஞ்சம் நிதானத்துக்கு வந்தபின் எடுக்க வேண்டும்.

வீட்டிலிருந்து வேலை பார்த்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

பயணமும் வெயிலும் கழிப்பறையும் தீர்ந்துவிடும். அதற்குப் பதிலாக வீட்டு வேலை வந்து உட்காரும். "வீட்டில்தானே இருக்கிறாய்" என்ற வாக்கியம் எம்.எஸ். அசதியைவிடக் கனமானது. கதவைச் சாத்தும் உரிமை இருந்தால்தான் அது வேலை.

பணத்துக்கு என்ன வழி?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து (மாற்றுத்திறனாளி என்றால் 25,000) ஈ.எஸ்.ஐ.யில் பதிவு இருந்தால், சந்தா நிபந்தனை பூர்த்தியானால், நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். தீவிர நோய்க் காப்பீடு எதையாவது முன்பே எடுத்திருந்தால் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். அதன் நோய்ப் பட்டியலில் எம்.எஸ். பெரும்பாலும் இருக்கும், ஆனால் கை கால் இயக்கமோ உணர்வோ தொடர்ந்து ஆறு மாதம் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆறு மாத மருத்துவக் குறிப்புகளைத் தேதியோடு சேர்த்து வையுங்கள். அலுவலகக் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். ராஜினாமாவுக்கு முன் யோசிக்க இன்னொரு காரணம். தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் அது உண்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். 1985இல் தொடங்கிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது. மருந்துச் செலவு பற்றி அவர்களிடம் பேசலாம்.

பிரசவத்துக்குப் பின் வேலைக்குத் திரும்புவது?

கர்ப்ப காலத்தின் கடைசி மூன்று மாதத்தில் ரிலாப்ஸ் குறையும், பிரசவத்துக்குப் பிந்தைய முதல் மூன்று மாதத்தில் கூடும். சட்டப்படி மகப்பேறு விடுப்பு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதில் பெரும் பகுதியைப் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். "உடம்பு நன்றாக இருக்கிறதே, இரண்டு மாதத்தில் வந்துவிடுகிறேன்" என்று எட்டாம் மாதத்து உற்சாகத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள்.

என் பிரிவில் ஒருவருக்கு எம்.எஸ். நான் என்ன செய்ய வேண்டும்?

அவர் சொன்னதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். காலையில் நடந்தவர் மாலையில் கோல் ஊன்றினால் நடிக்கிறார் என்று நினைக்காதீர்கள். எந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும் என்று கேளுங்கள், கேட்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள். மூலிகை வைத்தியர் முகவரிகள் எங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

இப்போது நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?

ஏழெட்டுக் கடைகளுக்கு வீட்டிலிருந்து ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்கிறேன். 11ஆம் தேதி ஒன்று, 20ஆம் தேதி ஒன்று. மாதம் பிறந்ததும் பில்களை அனுப்பிவிட வேண்டும் என்பது நான் போட்ட நிபந்தனை. கடைசி நாள் இரவு பதினொரு மணிக்குப் பை நிறையப் பில்லோடு வருகிறவரை ஏற்றுக்கொள்வதில்லை. மளிகைக் கடைக்காரர் ஒருவர் மட்டும் இன்னும் அப்படித்தான் வருகிறார். பழைய ரயில் டிக்கெட் அட்டை இன்னும் மேசையில் இருக்கிறது, ஓரம் மடங்கிவிட்டது. மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை போன் எடுக்க மாட்டேன். அதற்கு முன்போ பின்போ கூப்பிடுங்கள்.